பொட்டலம் மடித்த கை

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலையில் செந்தமிழ்ச்செல்வனை அவன் வீட்டு அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அலமாரியின் மேல்தட்டில் இருந்த மாத்திரை பாட்டிலை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நின்றான். சொந்த வீட்டிலேயே திருடுகிறவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

பாட்டிலில் இருந்தவை அவனே மடித்துக் கொடுத்த செட் மாத்திரைப் பொட்டலங்கள்தான்.

கடலூர் முதுநகரில் செட் மாத்திரை தெரியாதவர்கள் கிடையாது. மூட்டு வலி, முதுகு வலி என்று மெடிக்கல் ஷாப் வாசலில் போய் நின்றால் போதும். மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, பொட்டு மாதிரி சின்னதாக ஒன்று என்று மூன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். டாக்டர் சீட்டும் வேண்டாம், டோக்கன் போட்டு உட்காரவும் வேண்டாம். செல்வன் பதினான்கு வருஷமாக இப்படி மடித்துக்கொண்டிருக்கிறான். அவன் படித்தது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கும் பார்மசி சர்ட்டிபிகேட் வேறு யாருடையதோ. ஆனாலும் தெருவே அவனை "டாக்டரே" என்றுதான் கூப்பிடும். அவனும் ஒரு நாளாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறானா என்றால், இல்லை.

அம்மா மங்கலம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி. முட்டி வலியில் சாதப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை என்று பொங்கல் கழிந்த கையோடு மகனிடம் சொன்னாள். மகன் செட் மடித்துக் கொடுத்தான். மறுநாளே பாத்திரத்தைத் தூக்கிவிட்டாள். மாதம் ஆக ஆகக் கன்னமும் உப்பிக்கொண்டு வந்தது. "பூசினாப்ல ஆயிட்டியே மங்கலம்" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். செல்வனுக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வியாழக்கிழமை சாம்பார் அண்டா பக்கத்திலேயே மூக்கில் ரத்தம் கொட்டி விழுந்தாள். பிரஷர் இருநூற்றுப் பத்து, நூற்று இருபது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் மூன்று பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சிதம்பரத்திலிருந்து தங்கை இளமதி ஓடி வந்தாள். வீட்டில் விசாரணை நடந்தது. குற்றவாளி யார் என்று கண்டுபிடித்தவன் செல்வன்தான். ஊறுகாய் பாட்டிலையும் கருவாட்டு டப்பாவையும் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைக்கச் சொன்னான். "உப்பு ஜாஸ்தி. நாக்க கட்டல, அதான்" என்றான். மங்கலம் தலையைக் குனிந்துகொண்டு இரண்டையும் எடுத்துப் போய்க் குப்பையில் கொட்டினாள்.

சனிக்கிழமைதான் அவன் கடையில் அந்தப் பொட்டு மாத்திரையின் அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தான். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக. பிரஷர் ஏறும் என்ற வரி வந்ததும் மூடிவிட்டான்.

இன்று புதன்கிழமை. சிதம்பரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டுவதற்காக அம்மாவும் மகனும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

*

புதுச்சத்திரம் தாண்டியதும் மங்கலம் ஜன்னல் பக்கம் சாய்ந்து வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. வெறும் தண்ணீர்தான் வந்தது.

"கொஞ்சம் மோரு குடிக்கிறியாம்மா?"

"வேணாம்டா. பஸ்ஸு குலுக்கல்தான்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும், தப்பு செய்தவளைப் போல ஒடுங்கிக்கொண்டாள். "ஊறுகா கூட தொடல செல்வா. அஞ்சு நாளா கண்ணால கூட பாக்கல. உன் மேல சத்தியம்."

செல்வன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவள் ஏன் சத்தியம் செய்ய வேண்டும்? செய்ய வேண்டியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

பாட்டிலை எடுத்து ஒளித்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதுதான் அவன் கணக்கு. செட்டை நிறுத்தியாயிற்று, பிரஷர் மாத்திரையும் ஒழுங்காகப் போகிறது, இறங்கத்தானே வேண்டும். இறங்கிவிட்டால் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். தப்பையும் தானே திருத்தி, பெயரையும் தானே காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கோபப்பட்டு என்ன செய்வது, நம்மில் பாதிப்பேர் இப்படித்தான் திருந்தப் பார்க்கிறோம்.

பொட்டலங்களை எல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டான். ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இளமதி ஆட்டோவோடு தயாராக நின்றாள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு நோட்டு. அதில் அம்மாவின் பிரஷரைத் தேதி போட்டு, அதிகமாக இருந்த இடத்தில் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்தாள். டீச்சர் வேலை அவளை எங்கேயும் விட்டுவிடுவதில்லை.

"என்னாண்ணா, அம்மா இப்படி வெளிறிப் போயிருக்கு?"

"பஸ்ஸு ஒத்துக்கல."

இதைச் சொல்லும்போது அவன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை கட்டிப் பார்த்தாள்.

"தொண்ணூறு, அறுபது."

இளமதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாத்தியாம்மா, வாயக் கட்டுனதும் எப்படி எறங்கிடுச்சு. நான் சொன்னா கேக்க மாட்டே. அண்ணன் சொன்னாதான் கேப்பே."

மங்கலம் சிரிக்கப் பார்த்தாள். அவளால் தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்ளவே முடியவில்லை.

டாக்டரம்மா அருள்மொழிக்கு நாற்பது வயது இருக்கும். சந்தோஷப்படுகிற முகமாக அவர் முகம் இல்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார். மங்கலத்தின் கன்னத்தைப் பார்த்தார். முழங்கையில் காரணமில்லாமல் கன்றிக் கிடந்த நீலத் திட்டைத் தடவிப் பார்த்தார். கணுக்காலை அழுத்தினார், குழி விழுந்தது.

"முகம் எப்பவுமே இப்படி உருண்டையா இருக்குமாம்மா?"

"இந்த வருசம்தாம்மா. கொஞ்சம் சதை போட்டுடுச்சு."

"இருநூத்திப் பத்து இருந்தது ஒரு வாரத்துல தொண்ணூறுக்கு வந்தா எனக்குப் பயமா இருக்கும்மா. ஊறுகாய நிறுத்துனா இப்படி எறங்காது. வலிக்கு மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லம்மா."

"நாட்டு மருந்து, லேகியம்? யாராவது பொட்டலமா மடிச்சுக் குடுத்தது?"

"ஒன்னும் இல்லம்மா."

செல்வனுக்குக் காது சுட்டது. அம்மா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. கேள்வி வரும் என்று தெரிந்து, பதிலை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்தவள் மாதிரி சொன்னாள்.

இளமதி முன்னால் வந்தாள். "எங்க அண்ணன் மெடிக்கல்லதான் இருக்காரு மேடம். அவருக்குத் தெரியாம எங்க அம்மா ஒரு மாத்திரை கூட போடாது."

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள். பொய்யும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமல் மங்கலம் ஒரு மாத்திரையும் போட்டதில்லைதான்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்? உங்களுக்குத் தெரிஞ்சு வலி மாத்திரை எதுவும் இல்லையே?"

சட்டைப் பையில் பொட்டலம் இருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

"இல்ல மேடம்" என்றான் செல்வன்.

இந்த இடத்தில் அவனுக்காகப் பரிந்து ஏதாவது சொல்லலாம் என்று எனக்கும் ஆசைதான். சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

*

மங்கலத்தை உள்ளே ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கி வர இளமதி லேப் பக்கம் போனாள். கட்டிலோரம் அம்மாவும் மகனும் மட்டும் இருந்தார்கள்.

"செல்வா."

"சொல்லும்மா."

"பாட்டில நீ எடுத்துனு போனது எனக்குத் தெரியும்டா. குளிச்சிட்டு வந்து பாக்குறேன், எடம் காலியா இருக்கு. அது ஆவாதுன்னு தெரிஞ்சிதான எடுத்தே?"

செல்வன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டரம்மா பொட்டலம்னு கேட்டப்ப எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. நீ எதையும் வாயத் தொறந்துடாத. மேலத் தெருலேருந்து ரயில்வே கேட் வரைக்கும் ஊரே உன்ன டாக்டர்னுதான் கூப்புடுது. அந்தப் பேர நான் படுத்துனு கெடக்கறதுக்காக நீ கெடுத்துக்கக் கூடாது." மூச்சு வாங்கினாள். "நான் ஊறுகா தின்னதாவே இருந்துட்டுப் போவட்டும்."

அவமானம் என்றால் நாலு பேர் முன்னால் வருவது என்றுதான் செல்வன் இத்தனை நாள் நினைத்திருந்தான். அது அம்மாவின் வாயிலிருந்து, அதுவும் அவனைக் காப்பாற்றுகிற வார்த்தையாக வந்தது. வெள்ளிக்கிழமை ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குனிந்த தலையோடு போன அம்மாவின் முதுகு அவன் கண்ணில் வந்து நின்றது. செய்யாத தப்புக்குப் பழி ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்தும் படுத்திருக்கிறாள். பெற்ற பிள்ளையை வெட்கப்பட வைக்க இதைவிடப் பெரிய வழி கிடையாது. அவளோ அவனை வெட்கப்பட வைக்க நினைக்கக்கூட இல்லை.

மங்கலம் புரண்டு மறுபடி ஓங்கரித்தாள். கை ஜில்லென்று இருந்தது. நர்ஸ் ஓடி வந்து பட்டையைக் கட்டினாள்.

"எண்பது. மேடத்தக் கூப்புடுங்க."

செல்வன் ஓடினான்.

*

டாக்டரின் மேஜை முன்னால் இளமதி ரிப்போர்ட்டோடு நின்றிருந்தாள். "கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கு" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வன் உள்ளே வந்து, "எண்பதுக்கு எறங்கிடுச்சு மேடம்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். பிரிக்கத்தான் வரவில்லை. பதினான்கு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு மடித்த கை.

டாக்டரே பிரித்தார். மஞ்சள், வெள்ளை, பொட்டு.

"யாரு குடுத்தது?"

"நான்தான் மேடம்."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம். ஒரு நாளைக்கு ரெண்டு வேளைக்கு."

"கடைசியா எப்ப?"

"சனிக்கிழமை ராத்திரி. ஞாயித்துக்கிழமை நானே பாட்டில எடுத்துட்டேன். நிறுத்திட்டா சரியாயிடும்னு..."

டாக்டர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. எழுந்து நடந்துகொண்டே நர்ஸிடம் ஊசியின் பெயரைச் சொன்னார். "உடனே போடுங்க. டிரிப் ஏத்துங்க. பிரஷர் மாத்திரை மூணையும் நிறுத்துங்க."

இளமதி அந்த மூன்று மாத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரை மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் திரும்பி வந்தார். அவர் திட்டியிருந்தால் செல்வனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாடம் நடத்துகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"வெள்ளைய விடுங்க, அது அல்சர் மாத்திரை. இந்தச் சின்ன மாத்திரை ஸ்டீராய்டு. மஞ்சள் வலி மாத்திரை. ரெண்டும் சேந்து உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கும். வலி மாத்திரை கிட்னியையும் கெடுக்கும். பிரஷர் ஏறாம என்ன பண்ணும்? அந்த முகம் சதை போட்ட முகம் இல்ல சார், வீங்குன முகம்."

"நிறுத்துனது தப்பா மேடம்?"

"நிறுத்த வேண்டியதுதான். ஆனா ஒரே நாள்ல இல்ல. உடம்பு தானா சுரக்குற ஒன்ன எட்டு மாசமா இது வெளியிலேருந்து குடுத்துடுச்சு. உடம்பு அந்த வேலைய மறந்துபோயிருக்கு. திடீர்னு நிறுத்துனா எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்? இன்னிக்கு நீங்க சொல்லலன்னா, நான் வேற எதையோ தேடிட்டு இருந்திருப்பேன். சாயங்காலத்துக்குள்ள கை மீறிப் போயிருக்கும்."

"இனிமே?"

"வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு நிறுத்தணும். வலி மாத்திரை கூடவே கூடாது. முட்டிக்கு எக்சர்சைஸ் சொல்லித் தருவாங்க. கிட்னி எந்த அளவுக்குத் திரும்பும்னு போகப் போகத்தான் தெரியும். பிரஷர் தானா எறங்கலாம், இல்லன்னா ஒரு மாத்திரையோட காலம் பூரா இருக்கலாம். ஊறுகாயும் ஆவாதுதான். ஆனா அவங்கள கீழ தள்ளுனது ஊறுகாய் இல்ல."

எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "இதே மாதிரி இன்னும் எத்தனை பேருக்குக் குடுக்குறீங்க?"

செல்வன் எண்ணிப் பார்த்தான். ஒவ்வொரு முகமாக வந்துகொண்டிருந்தது.

டாக்டர் போன பிறகு இளமதி நோட்டைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை பக்கம். "உப்பு — முழுசா நிறுத்தணும்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தை நிதானமாகக் கிழித்தாள்.

"அம்மாவ ஊறுகா பாட்டில கொண்டாந்து நடுவுல வெக்கச் சொன்னியேண்ணா."

அவ்வளவுதான் கேட்டாள். கத்தவில்லை. சின்ன வயதிலிருந்து அவள் எந்தச் சந்தேகத்தையும் கொண்டுவந்து கொட்டிய அண்ணன் அவன். இனி அப்படிக் கேட்க மாட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. செல்வன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

*

நாலு மணிக்கு மங்கலம் கண் திறந்து காபி கேட்டாள். நூற்றுப் பத்து, எழுபது. நர்ஸ் சொன்னதும் இளமதி அதை நோட்டில் எழுதவில்லை, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியாடா?" என்று மங்கலம் மகனைப் பார்த்துக் கேட்டாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "எதுக்குடா சொன்னே" என்று முனகினாள். கொஞ்ச நேரம் கழித்து, "எதனால எனக்கு இப்படி ஆச்சுன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

செட்டைத் திடீரென்று நிறுத்தியதால்தான் என்று செல்வன் சொன்னான்.

மங்கலம் எழுந்து உட்காரப் பார்த்தாள். "அப்ப ஆரோக்கியத்துக்கு ஒரு போனப் போடு."

ஆரோக்கியம்மாள் அடுத்த தெரு. மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். மங்கலத்துக்கு முப்பது வருஷப் பழக்கம்.

"அவுங்களுக்கு எதுக்கும்மா?"

"நீ ரெண்டு வேளைக்கு குடுத்தே. நான் ராத்திரி ஒன்னுதான் போடுவேன். காலையில உள்ளத அவளுக்குக் குடுத்துடுவேன். அவளுக்கும் முட்டிதான். உன் கைராசின்னு சொல்லி வாங்கினு போவா."

"எத்தினி நாளா?"

"வைகாசியிலேருந்து. திங்கக்கிழம வந்து கேட்டா. தீந்துபோச்சுன்னு அனுப்பிட்டேன்."

இளமதி எழுந்து நின்றாள். செல்வன் ஏற்கெனவே நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தான். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை மருமகள் எடுத்தாள். பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டது.

"டாக்டரே, நீங்களா? கடவுளே போன் போட்ட மாதிரி இருக்கு. அத்தைக்கு நேத்துலேருந்து ஒரே வாந்தி. எழுந்து நிக்க முடியல. ஆட்டோல ஏத்திட்டோம், உங்க கடைக்குத்தான் வந்துனு இருக்கோம். டாக்டர் கையால ஒரு செட்டு போட்டா சரியாயிடும்னு அத்தையே சொல்லுது."

"கடைக்கு வராதம்மா. ஆட்டோவ நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு. அங்க டாக்டர்கிட்ட சொல்லு, நாலஞ்சு மாசமா ஸ்டீராய்டு மாத்திரை சாப்ட்டாங்க, திடீர்னு நின்னுபோச்சுன்னு."

"எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது டாக்டரே. நீங்களே ஒரு வாட்டி பாத்துடுங்களேன்."

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் டாக்டர் இல்லம்மா" என்றான் செல்வன்.

அந்தப் பக்கம் ஆட்டோ ஹாரன் அடித்தது. பிறகு அவள் கேட்டாள்.

"அப்ப இத்தினி நாளா எங்க அத்தைக்கு என்னாத்த குடுத்தீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டான், எடுக்கவில்லை. போனை இளமதி கையில் திணித்து, "எடுக்கற வரைக்கும் போட்டுனே இரு" என்றான். ஆட்டோ கடைப் பக்கம் திரும்பியதா, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியதா என்று தெரியாமலே, கடலூர் பஸ்ஸைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினான்.